தெருநாய் மீட்பு

மனிதரைக் கண்டு அஞ்சி ஒடுங்கும் தெருநாயைப் பிடித்து, நோய் நீக்கி, மனிதர் அருகில் இருக்கப் பழக்கும் பணி தெருநாய் மீட்பு எனப்படும். தமிழ்நாட்டில் இது தனிப் பணியாக உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முன்னும் நாய்க்குச் சோறு வைப்பவர்கள் இருந்தார்கள், நாயைக் கொல்லும் நகராட்சிகளும் இருந்தன. இரண்டுக்கும் இடையில் வேறு வழி இருக்கவில்லை.

வகைகள்

புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் நாயை இனத்தால் பிரித்துப் பேசும் வழக்கம் குறைவு. வேலையால் பிரிப்பர்: வீட்டு வாசலில் கிடப்பது காவல் நாய், ஆட்டுக்கிடையோடு போவது கிடை நாய், முயலுக்குப் போவது வேட்டை நாய். முயல் வேட்டையை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுத்த பிறகும் மூன்றாவது பெயர் பேச்சில் மறையவில்லை. இவற்றில் எதிலும் அடங்காமல், தேநீர்க் கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவே வாழ்வது தெருநாய். அதற்குச் செவலை, கருவாயன், வெள்ளை என நிறமே பெயர்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் தமிழகத்தின் பெயர்பெற்ற இனங்கள். இவற்றுள் ராஜபாளையத்துக்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாயினங்கள் பற்றி எழுதிய ஆங்கில நூல் இவ்வினங்கள்மேல் பொதுக் கவனத்தைத் திருப்பியது. ஊர் நாய்க்கு இந்த மரியாதை இன்னும் கிட்டவில்லை. ஆயினும் இங்குள்ள வெயிலுக்கும் தீனிக்கும் அதைவிடப் பொருந்திய நாய் வேறில்லை.

மீட்பவர்க்குப் பயன்படும் பிரிவு வேறு. குட்டிப் பருவத்தில் மனிதர் கையே படாமல் வளர்ந்த நாய், அடியும் கல்லும் வாங்கி அஞ்சிய நாய், வளர்த்தவர் தெருவில் விட்டுப்போன நாய் என அது மூவகைப்படும். மூன்றாம் வகை விரைவில் தேறும். முதல் வகையே கடினம்.

பழைய வரலாறு

தமிழரின் நாய்ப் பற்றுக்குச் சிறந்த சான்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இக்கல், எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்டது. வீரனுக்கு அருகில் நாயின் உருவமும் உண்டு. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு நாய் பெயரோடு கல்லில் ஏறிவிட்டது. அந்நாளைய மனிதர் பலருக்குக் கிட்டாத பேறு இது.

சமயத்திலும் நாய்க்கு இடமுண்டு. பைரவரின் ஊர்தி நாய். புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் மலைக்கோட்டையின் சுவரை ஒட்டியுள்ள கோட்டை பைரவர் கோயில் பலரும் அறிந்தது. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுச் செல்வர். 1886 முதல் 1928 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட மன்னரின் பெயரே மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். ஆனால் சன்னதியில் கும்பிட்ட கையே வெளியே வந்ததும் கல் எடுப்பதுண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் நகரங்கள் தெருநாயை ஒழிக்க வேண்டிய பொருளாகக் கருதின. பம்பாயில் 1832இல் நாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்துப் பார்சிகள் கலகத்தில் இறங்கினர். சென்னையில் நகராட்சி 1860இல் கொல்லத் தொடங்கியது என்றும், 1990களின் நடுவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 135 நாய்கள் கொல்லப்பட்டன என்றும் புளூ கிராஸ் அமைப்பு கணக்குச் சொல்கிறது. நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. இடம் காலியானால் அடுத்த தெரு நாய் வந்து நிரப்பும் என்பது கொன்றவர்களுக்கும் தெரிந்தே இருந்திருக்கும்.

புளூ கிராஸை 1959இல் சென்னையில் தொடங்கியவர் விமானி கேப்டன் வி. சுந்தரம். கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடலாம் என்ற யோசனையை அவருடைய மகன் எஸ். சின்னி கிருஷ்ணா 1964இலேயே முன்வைத்தார். அதை மாநகராட்சி ஏற்க முப்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. 1996இல் சென்னையில் கொலை நின்றது. 2001இல் நடுவண் அரசு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளை வகுத்தது. பிடித்த நாய்க்கு அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அவற்றின் சாரம். இன்று நடைமுறையில் உள்ளவை 2023ஆம் ஆண்டின் புதிய விதிகள்.

அச்சத்தின் தோற்றம்

அமெரிக்காவில் 1961இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பதினான்கு வாரம் வரை மனிதர் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்கு போலவே நடந்துகொண்டன. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே மனிதரோடு பழகும் வாசல் என்பதை ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் எழுதிய நூல் நிலைநாட்டியது. கோழிக்கூண்டின் அடியிலோ பாலத்துக் குழாயிலோ அந்த வாரங்களைக் கழித்த குட்டிக்கு மனிதர் என்றால் செருப்பும் கம்பும்தான்.

இந்தியத் தெருநாய்களை நேரடியாக ஆய்ந்தவர்களில் கொல்கத்தா ஐசர் (IISER) ஆய்வு நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழு முதன்மையானது. 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் அக்குழு வெளியிட்ட ஆய்வின்படி, இனப்பெருக்க வயது வரை பிழைத்தவை நூற்றுக்கு 19 மட்டுமே. சாவுகளில் பெரும்பகுதிக்கு மனிதரே காரணம். ஆகவே ஒருவர் குனிந்தாலே நாய் ஓடுவதைக் கோழைத்தனம் எனல் தவறு; அது அனுபவம். அறிமுகமில்லாதவரிடம் நம்பிக்கை வளர்வதில் உணவைவிடத் தடவல் நீண்ட பயன் தருகிறது என்றும் அக்குழு 2017இல் காட்டியது. இதனால் சோறு போடுவதோடு நிற்பது போதாது என்பது தெளிவு.

முறை

அஞ்சிய நாயைத் துரத்திப் பிடித்தல் கூடாது. ஒருமுறை துரத்தினால் பல வாரப் பழக்கம் வீணாகும். நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே ஆள் உணவு வைப்பார். தயிர்சோறு, பொறை, வேகவைத்த கோழி ஈரல் ஆகியவை வழக்கமானவை. ஈரலின் வாசனைக்கு முன் மற்றவை நிற்பதில்லை. வைத்தவர் முதுகையோ பக்கத்தையோ காட்டி அமர வேண்டும். கண்ணுக்குக் கண் பார்ப்பதையும் மேலிருந்து கை நீட்டுவதையும் நாய் மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும். வால் தொடையிடுக்கில் ஒடுங்குதல், உதட்டை நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், விழியின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்த்தல் ஆகியவை அச்சக் குறிகள். அசையாமல் உறைந்து நிற்கும் நாயை அடங்கிவிட்டது எனக் கருதித் தொட்டுக் கடிபட்டவர் பலர்.

தொடுவதற்கு நாள் வரும்போது தலையை விட்டு மார்பையும் தாடையின் அடியையும் தடவ வேண்டும். நாய் விலகினால் கையை எடுத்துவிட வேண்டும். விலக முடியும் என்று அறிந்த நாயே திரும்பி வரும். காயமோ புழு வைத்த புண்ணோ இருந்து காத்திருக்க முடியாத நிலையில், உள்ளே உணவு வைத்துத் தானே மூடும் கூண்டு வலையைவிடச் சிறந்தது. கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்க வேண்டும். இதில் மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் இடமில்லை.

பிடித்த நாய்க்கு முதல் சில நாள் இருளும் அமைதியும் தேவை. மூலையில் சாக்குப்பை விரித்து, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்தால் போதும். சொறிக்கும் குடற்புழுவுக்கும் மருந்து இந்நாள்களிலேயே தொடங்கும். கயிறு மாட்டிப் பழக்குவது பிறகு. ஏற்கெனவே பயமற்ற இன்னொரு நாய் அருகில் இருந்தால், அது மனிதரிடம் போவதைப் பார்த்தே புதியது கற்கும். தீபாவளி வாரத்தில் எந்த நாயையும் புது இடத்துக்கு மாற்றுதல் ஆகாது. வெடிச் சத்தத்தில் கயிற்றை அறுத்து ஓடிய நாய் திரும்ப வழி அறியாது.

தேறிய நாயை அதன் தெருவிலேயே விடுவது நன்று. காப்பகம் அஞ்சிய நாய்க்கு ஏற்றதன்று: இடைவிடாக் குரைப்பு, டிஸ்டெம்பர் தொற்று, நாளொரு புது முகம்.

இன்றைய நிலை

புதுக்கோட்டையில் இப்பணி பெரிதும் தனியாட்களாலேயே நடக்கிறது. அரசு கால்நடை மருத்துவமனையும், அண்டை மாவட்டத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தியும் துணை. ஆடுகளைத் தெருநாய் கடித்துக் கொல்வதாக ஈரோடு, திருப்பூர் பகுதி விவசாயிகள் 2025இல் போராடினர். அவ்வாண்டு ஆகஸ்டு 22இல், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயை, வெறிநோயோ மூர்க்கமோ இல்லையேல், பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற உச்ச நீதிமன்றம், நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என ஆணையிட்டது.