திறந்துவிட்ட வானம்

"விமானக் கம்பெனிகளைப் பற்றி எதற்கு விசாரணை நடத்துகிறீர்கள்? நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லையே!" என்று செனட்டர் எட்வர்ட் கென்னடியிடம் ஒருவர் கேட்டாராம். "அதனால்தான் நடத்துகிறேன்" என்றார் கென்னடி. 1975-ல் நடந்த அந்த செனட் விசாரணைக்குச் சட்ட ஆலோசகராக இருந்து, பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான ஸ்டீபன் பிரேயர் சொன்ன கதை இது.

அப்போது அமெரிக்க வானத்தின் குடுமி 'சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு' கையில் இருந்தது. எந்தக் கம்பெனி, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, என்ன கட்டணத்தில் பறக்கலாம் என்பதை 1938 முதல் அதுதான் தீர்மானித்தது. 40 ஆண்டுகளில் பெரிய வழித்தடங்களுக்குள் புதிதாக ஒரு கம்பெனியைக்கூட அது விடவில்லை. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மலிவுக் கட்டணத்தில் பறக்க வேர்ல்டு ஏர்வேஸ் 1967-ல் மனு போட்டது. ஆறு வருடத்துக்கு மேல் கோப்பு தூங்கியது. கடைசியில், 'மனுவில் உள்ள விவரங்கள் பழசாகிவிட்டன' என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்கள்!

கட்டணத்தில் போட்டி போட முடியாதவர்கள் உபசாரத்தில் போட்டி போட்டார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஜம்போ விமானத்துக்குள் பியானோவே வைத்தது. பியானோ இருந்தது; ஆனால், பல விமானங்களில் பாதி இருக்கைகள் காலியாகவே பறந்தன.

ஒரு மாநிலத்துக்குள் மட்டும் பறந்த கம்பெனிகளிடம் போர்டின் அதிகாரம் செல்லவில்லை. கலிபோர்னியாவுக்குள் பறந்த பி.எஸ்.ஏ., ஏறக்குறைய அதே தூரமுள்ள பாஸ்டன் - வாஷிங்டன் கட்டணத்தில் பாதியைத்தான் வாங்கியது. டெக்சாஸில் சவுத்வெஸ்ட் 1971-ல் பறக்கத் தொடங்கியது. 1973-ல் அதை ஒழித்துக்கட்ட நினைத்த போட்டிக் கம்பெனி பிரானிஃப், டல்லாஸ் - ஹூஸ்டன் கட்டணத்தை 13 டாலருக்கு இறக்கியது. சவுத்வெஸ்ட் அசரவில்லை. '13 டாலர் கொடுத்தாலும் சரி. 26 டாலர் கொடுத்தால் ஒரு பாட்டில் விஸ்கி இலவசம்' என்றது. ஆபீஸ் செலவில் பறந்தவர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

1977-ல் போர்டின் தலைவராக வந்தார் ஆல்ஃப்ரெட் கான், கார்னெல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர். மேஜைக்கு வந்த கோப்புகளைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியது. ஃப்ளோரிடாவிலிருந்து விமானத்தில் குதிரைகளை ஏற்றிச் செல்லலாமா? பனி பெய்யாவிட்டால் பனிச்சறுக்குப் பயணிகளுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரலாமா? உறவுக் கம்பெனிகள் இரண்டின் ஊழியர்கள் ஒரே மாதிரி சீருடை போடலாமா? 'இதற்காகவா என் அம்மா என்னை வளர்த்தாள்?' என்று நொந்துகொண்டார் கான்.

1978 அக்டோபர் 24-ம் தேதி, விமானக் கட்டணங்களுக்கும் வழித்தடங்களுக்கும் இருந்த கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். யாரும் பறக்காமல் கிடந்த வழித்தடங்கள், முதலில் வருபவருக்கே என்று அறிவித்திருந்தார்கள். முதல் நாள் முதல் ஷோவுக்கு நிற்பதுபோல, கம்பெனிகளின் ஆட்கள் வாஷிங்டனில் போர்டு அலுவலக நடைபாதையில் முன்கூட்டியே வந்து வரிசைகட்டினார்கள்.

அள்ளிக்கொண்டதில் முதன்மையானது அதே பிரானிஃப். டிசம்பர் 15 அன்று, ஒரே நாளில் 16 புதிய ஊர்களுக்குச் சேவை தொடங்கியது. மறு வருடமே எண்ணெய் விலை எகிறியது. வட்டியும் ஏறியது. 1982 மே 12-ல் பிரானிஃப் விமானங்கள் பறப்பதை நிறுத்தின. ஈஸ்டர்ன், பான் ஆம் ஆகிய ஜாம்பவான்களின் கதை 1991-ல் முடிந்தது.

பயணிகளுக்கு லாபம்தான். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், அடுத்த சில பத்தாண்டுகளில் மைல் கணக்கிலான கட்டணம் பாதிக்கும் கீழே போனது. பாதுகாப்பு விதிகளில் யாரும் கை வைக்காததால், விபத்துகளும் தொடர்ந்து குறைந்தன.

விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 1983-ல் கான்டினென்டல் கம்பெனியின் ஃப்ராங்க் லொரென்ஸோ திவால் மனு போட்டார். தொழிற்சங்க ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, சில நாட்களில் பாதிச் சம்பளத்துக்கு ஆள் வைத்து மீண்டும் பறந்தார். சிறு ஊர்களுக்குப் பெரிய விமானங்கள் வருவது நின்றது. அந்த ஊர்களுக்காக அரசு கொடுக்க ஆரம்பித்த மானியம் இன்றும் தொடர்கிறது.

இவை ஓரளவு எதிர்பார்த்த வலிகள். எதிர்பார்க்காதது 1986-ல் வந்தது. போர்டு 1984 இறுதியில் மூடப்பட்டு, கம்பெனிகளின் இணைப்பை அனுமதிக்கும் அதிகாரம் போக்குவரத்துத் துறைக்குப் போயிருந்தது. மினியாபொலிஸில் மோதிக்கொண்டிருந்த நார்த்வெஸ்டும் ரிபப்ளிக்கும் இணைய விரும்பின. செயின்ட் லூயிஸில் டி.டபிள்யூ.ஏ.வும் ஓசார்க்கும் அப்படியே. 'போட்டி செத்துவிடும்' என்று நீதித் துறை எதிர்த்தது. போக்குவரத்துத் துறை இரண்டுக்கும் சரி என்றது. அந்த நகரங்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரே கம்பெனியின் கைக்குப் போயின. பிறகு வந்த இணைப்புகளுக்குப் பின், இன்று அமெரிக்க உள்நாட்டுச் சந்தையின் பெரும்பங்கு நான்கே கம்பெனிகளிடம்.

கட்டுப்பாட்டை நீக்கியதற்காகக் கான் கடைசிவரை வருந்தவில்லை. இணைப்புகளைத் தடுக்காமல் விட்ட அரசைத்தான் சாடினார். கட்டணத்தை நிர்ணயிப்பது ஒரு வேலை. போட்டியைக் காப்பது வேறு வேலை. முன்னதை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள், பின்னதையும் சேர்த்தே விட்டுவிட்டார்கள்.

வானத்தில் பலித்த வைத்தியத்தை மின்சாரத்துக்கும் செய்து பார்க்கலாமே என்று 1996-ல் சட்டம் போட்டது கலிபோர்னியா. ஐந்தே வருடத்தில் அந்தப் பணக்கார மாநிலம் மின்வெட்டில் தவித்தது. அது எப்படி?

(தொடரும்)