கண்ணாடிப் பெட்டியும் காத்திருக்கும் குடும்பமும்

சிற்றிலக்கியங்களுள் பிள்ளைத்தமிழைப் பாடமாக நடத்தும்போது, குழந்தையின் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரையிலான வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது மரபு என்றும், அவற்றுள் முதலாவது காப்புப் பருவம் என்றும் சொல்லித் தொடங்குவது வழக்கம். பல ஆண்டுகளாக நாமும் அவ்வாறே தொடங்கி வருகிறோம். அண்மையில் ஒரு வகுப்பில் மாணவி ஒருவர் எழுந்து, "அதுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு மாசத்த ஏன் ஐயா யாரும் பாடல?" என்று கேட்டார். அதற்கு முந்தைய ஒன்பது நாட்கள் அவர் வகுப்புக்கு வந்திருக்கவில்லை. அவருடைய அக்காவுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்திருந்தது. "பிள்ளையப் பெட்டியில வச்சிருக்காங்க" என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஒன்பது நாட்களும் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "வாசல்ல இருந்தோம்" என்றார்.

அம்மாணவியின் ஊர் தாயில்பட்டி. விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள கரிசல் ஊர். வானம் பார்த்த பூமி கைவிட்டபோது தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. இப்பகுதியில் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி; அன்றைக்குக் கை அசைந்தால்தான் அன்றைக்குக் காசு. வெடிவிபத்து நடந்த நாட்களில் மருத்துவமனை வாசலில் உறவுகள் கூடி நின்று காத்திருந்து பழகிய மண்ணும் இது. ஊர்ப்பெயராராய்ச்சிக்குள் நாம் புகவில்லை. ஆயினும், அப்பெயரைக் கேட்கும் தமிழ்க் காதுக்கு இரண்டு பொருள் தோன்றும். 'இல்' என்றால் வீடு; 'இல்' என்றால் இன்மை. தாயின் வீடு என்றும் கொள்ளலாம், தாய் இல்லாதது என்றும் கொள்ளலாம். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாற்றை எண்ணிப் பார்க்கையில், அது இவ்விரு பொருள்களுக்கும் இடையே நடந்த நெடும் பயணம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மாணவியின் கேள்விக்குப் பாட்டியல் நூல்களிலிருந்து விடை சொல்லிவிட முடியாது. ஆனால் முதல் வாரங்களின் நிச்சயமின்மை நம் முன்னோர் நன்கறிந்தது. முதல் பருவத்துக்கே 'காப்பு' என்று பெயரிட்டதில் அந்த அச்சத்தின் சாயலைக் காண இடமுண்டு. ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்ற நம்பிக்கை கிராமங்களில் நெடுங்காலம் வழங்கி வந்தது. அது மருத்துவ உண்மை அன்று. பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பறிகொடுத்தவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட ஆறுதல். பழைய பேறுகால அறையைப் பொற்காலமாகப் போற்றவும் நாம் முற்படவில்லை. சேனை வைப்பதால் கிருமி சென்றதுண்டு. பிறந்தவுடன் குளிப்பாட்டியதால் உடல் குளிர்ந்து இறந்த குழந்தைகளும் உண்டு. ஆயினும் ஒன்று மட்டும் உறுதி. அவ்வறையில் தாயும் சேயும் ஒரே பாயில் கிடந்தார்கள். அருகில் ஒரு கிழவி இருந்தாள்.

அந்தப் பாய் எப்போது இரண்டாகப் பிரிந்தது? விடை தேடிப் பாரிசுக்குச் செல்ல வேண்டும். ஸ்டெஃபான் டார்னியே என்னும் மகப்பேற்று மருத்துவர் அங்குள்ள விலங்குக் காட்சியகத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் சாதனத்தைக் கண்டு, அதைப்போலவே குறைமாதக் குழந்தைகளுக்கு வெப்பம் தரும் பெட்டி ஒன்றைச் செய்வித்தார். 1880களின் தொடக்கத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. கோழியின் அடைகாப்பைப் பார்த்துச் செய்த பெட்டி அது. ஆனால் பெட்டி வந்த பின்னர் அடைகாக்க வேண்டியவளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. டார்னியேவின் மாணவர் பியேர் புடேன் இந்த இடரை அப்போதே உணர்ந்தவர். தன் கையால் பேணாத குழந்தையிடம் தாய்க்குப் பற்றுக் குறைந்துவிடுகிறது, சிலர் குழந்தையைக் கைவிட்டும் போகிறார்கள் என்று கண்டு, தாயைப் பால் கொடுக்கவும் குழந்தையைக் காணவும் ஊக்குவித்தார். 1900 இல் வெளிவந்த அவரது நூலில் இக்கருத்து இடம்பெற்றுள்ளது.

ஆனால் உலகம் பின்பற்றியது புடேனின் எச்சரிக்கையை அன்று, பெட்டியை மட்டுமே. 1896 இல் பெர்லின் பொருட்காட்சியில் இன்குபேட்டர் குழந்தைகள் காட்சிக்கு வைக்கப்பட்டார்கள். மார்ட்டின் கூனி என்பவர் நியூயார்க்கின் கோனித் தீவில் 1903 முதல் 1943 வரை இத்தகைய காட்சியை நடத்தினார். நுழைவுக் கட்டணம் வாங்கிய பணத்தில் குழந்தைகளைக் காப்பாற்றினார். பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. கட்டணம் கொடுத்த எவரும் குழந்தையைப் பார்க்கலாம் என்ற காலம் ஒன்று இருந்தது. பெற்றவர்களே பார்க்கக்கூடாது என்ற காலம் அடுத்து வந்தது.

1922 இல் சிகாகோவில் ஜூலியஸ் ஹெஸ் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை நிறுவினார். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அது முன்மாதிரி ஆயிற்று. பயிற்சி பெற்ற செவிலியர் தவிர வேறெவரும் குழந்தையைத் தொடலாகாது என்ற ஒழுங்கு அக்கால மருத்துவமனைகளில் வேரூன்றியது. இதைக் கொடுமை என்று சொல்லிவிடுவது எளிது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. ஒருவர் கொண்டுவரும் தொற்று ஒரு பிரிவிலுள்ள குழந்தைகள் அனைவரையும் கொண்டுபோய்விடும். அஞ்சியவர்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1940களில் பெனிசிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. காரணம் தளர்ந்த பின்னரும் கதவு திறக்கவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. தற்காப்பாகத் தொடங்கிய ஒரு விதி நாளடைவில் மரபாகி, பின்னர் அதிகாரமும் ஆகிவிட்டது.

கதவைத் தட்டியவர்கள் பலர். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே நோயுற்ற குழந்தையுடன் தாயையும் சேர்த்து அனுமதித்தார். ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952 இல் எடுத்த ஆவணப்படம், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் துயரத்தைக் காட்டியது. அதன் தாக்கத்தோடு வந்த 1959 ஆம் ஆண்டின் பிளாட் அறிக்கை, பெற்றோர் வருகைக்குத் தடை கூடாதென்றது. பச்சிளங்குழந்தைப் பிரிவின் கதவோ இன்னும் இறுக்கமானது. 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தாய்மாரை உள்ளே அனுமதித்துப் பார்த்தார்கள். தொற்று கூடவில்லை என்று கண்டு 1970 இல் எழுதினார்கள்.

இதன் பின்னர் நடந்ததுதான் வியப்புக்குரியது. கதவை அகலத் திறந்தவை செல்வம் கொழித்த மருத்துவமனைகள் அல்ல. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஏழைப் பெண்களுக்கான மகப்பேற்று மருத்துவமனையில் ஒரே இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்த வேண்டிய நெருக்கடி. தொற்றும் இறப்பும் மிகுதி. 1978 இல் எட்கார் ரே என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். எக்டர் மார்ட்டினஸ் அதனை வளர்த்தெடுத்தார். அதுவே கங்காரு பராமரிப்பு. 1979 இல் எஸ்டோனியாவின் தாலின் நகரில் செவிலியர் பற்றாக்குறையால் தவித்த ஆதிக் லெவின், தாய்மாரையே குழந்தைகளின் முதன்மைப் பராமரிப்பாளர் ஆக்கினார். இல்லாமை இங்கே ஆசிரியர் ஆயிற்று.

உள்ளே நுழைவது ஒன்று; உண்மையை அறிவது மற்றொன்று. 1985 இல் அமெரிக்காவில் ஜில் லாசன் என்ற தாயின் குறைமாதக் குழந்தைக்கு இதய அறுவை நடந்தது. அசையாதிருக்க மருந்து கொடுத்தார்கள். வலி தெரியாதிருக்க மருந்து கொடுக்கவில்லை. பச்சிளங்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற கருத்து அன்று மருத்துவ உலகில் நிலவியது. குழந்தை இறந்த பிறகே தாய் இதை அறிந்தார். அறிந்ததை ஊரறியச் சொன்னார். அதே காலத்தில் இந்திய வம்சாவளி மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வு, வலிநீக்கம் பெற்ற குழந்தைகள் நன்கு தேறுகின்றன என்று 1987 இல் காட்டியது. அவ்வாண்டே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தன் நிலைப்பாட்டை அறிவித்தது. ஒரு தாயின் கேள்வியும் ஓர் ஆய்வாளரின் கேள்வியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்க உரிமை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பையில், திருநெல்வேலித் தமிழர் பலர் குடியேறி வாழும் தாராவிக்கு அருகில் உள்ள சயான் மருத்துவமனையில், 1989 இல் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி அது. 2003 இல் மேற்கு வங்கத்தின் பின்தங்கிய மாவட்டமான புருலியாவில் தொடங்கிய பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவு, மாவட்ட மருத்துவமனைகள் தோறும் அத்தகைய பிரிவுகள் அமைய வழிகாட்டியது. ஆயினும் அப்பிரிவுகளின் கதவுகள் பெரும்பாலும் சாத்தியே இருந்தன. தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் ஆர்த்தி மரியாவும் அவர் குழுவினரும் தாய், தந்தை, பாட்டி எவராயினும் கைகழுவவும் குழந்தையைத் தூக்கவும் துடைக்கவும் பாலூட்டவும் ஆபத்து அறிகுறிகளை அறியவும் முறையாகப் பயிற்றி உள்ளே அமர்த்தினார்கள். குடும்பத்தார் வந்ததால் தொற்று கூடவில்லை. வீடு திரும்பும்போது தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தைகள் கூடினர். 2017 இல் நடுவண் அரசு 'குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு' என்ற பெயரில் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

2021 இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்குபெற்ற அந்த ஆய்வில், குழந்தையின் நிலை சீராகும் வரை காத்திராமல், பிறந்தவுடனே கங்காரு பராமரிப்பைத் தொடங்கினார்கள். முதல் 28 நாட்களில் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. இந்தியாவில் இது நடந்த இடம் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போடப்பட்டது. பிரிந்த பாய் மீண்டும் ஒன்றாயிற்று என்று சொல்லலாம்.

தமிழர்க்கு இதில் பெருமைப்பட ஒன்றுண்டு. உறிஞ்சத் தெரியாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பால் புகட்ட இந்திய மருத்துவமனைகளில் வழங்கும் கருவி பாலாடை. நம் பாட்டிமார் அடுக்களை மாடத்தில் வைத்திருந்த அதே மூக்குக் கிண்ணம். ஆங்கில மருத்துவ இதழ்களிலும் அது 'பாலாடை' என்ற பெயரிலேயே குறிக்கப்படுகிறது. பாட்டியின் பாலாடை எப்போதோ உள்ளே போய்விட்டது. பாட்டிதான் நெடுங்காலம் வெளியே நின்றாள்.

எனினும் பங்காளி என்ற சொல்லைக் கவனமாகவே கையாள வேண்டும். பங்கு என்றால் சுமையில் மட்டும் அன்று. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 26 பிரிவுகளில் நடந்து 2018 இல் வெளிவந்த ஆய்வில், பெற்றோர் நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் குழந்தையுடன் இருக்க ஒப்புக்கொண்டார்கள். குழந்தைகளின் எடை நன்கு கூடியது. தாயில்பட்டியின் எண்ணிக்கைக் கூலிக்காரக் குடும்பத்துக்கு அந்த ஆறு மணி நேரத்தின் விலை என்ன? தந்தை வேலைக்குப் போகாவிட்டால் மூத்த பிள்ளைக்குச் சோறு யார் தருவது? மகப்பேற்றால் இழக்கும் வருமானத்தை ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு 1987 இலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. அதே எண்ணம் பெட்டியருகில் அமர்பவருக்கும் நீள வேண்டும். ஒரு கட்டில், ஒரு வேளைச் சாப்பாடு, இரவில் தங்க ஓரிடம், தந்தைக்கும் பாட்டிக்கும் ஒரு நாற்காலி, இழந்த கூலிக்கு ஓர் ஈடு. இவை இல்லாமல் குடும்பத்தை உள்ளே அழைப்பது, செவிலியர் பற்றாக்குறையைத் தாயின் முதுகில் ஏற்றுவதாகவே முடியும்.

2020 ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளுக்கு 28 பேர் ஒரு வயதுக்குள் இறந்தனர். அவர்களுள் 20 பேர் முதல் 28 நாட்களுக்குள். தமிழ்நாட்டில் ஒரு வயதுக்குள் இறந்தவர் 13 பேர், பாராட்டத்தக்க எண்தான். ஆனால் எண்களுக்குள் வராத ஒரு கணக்கும் உண்டு. பிழைத்த குழந்தையை ஒன்பது நாட்கள் கழித்து முதன்முதலாகக் கையில் வாங்கும் தாய், அதை எப்படித் தூக்குவது என்று அஞ்சி நிற்கும் அந்தக் கணத்தின் கணக்கு.

அம்மாணவியின் அக்கா பிள்ளை பிழைத்து வீடு வந்து சேர்ந்தது. எடை கூடியிருப்பதாகப் பிறகு சொன்னார். அவர் கேட்ட கேள்விக்கு வகுப்பில் நாம் சரியான விடை சொல்லவில்லை. இப்போது கேட்டால் இப்படிச் சொல்வோம்: அந்த இரண்டு மாதங்களில் பாடுவதற்கு நேரம் இருந்ததில்லை, காவல் இருப்பதற்கே பொழுது போதவில்லை. அக்காவலைப் புலவர் பாட வேண்டியதில்லை. காவல் இருக்க வேண்டியவரை வாசலில் நிறுத்தாதிருந்தால் போதும்.