சீட்டித் துணி

வெள்ளைப் பருத்தித் துணியில் பூவும் கொடியும் எழுதியோ அச்சடித்தோ சாயமேற்றியது சீட்டி. இலங்கைத் தமிழில் சீத்தை. ஆங்கிலேயரின் சின்ட்ஸும் டச்சுக்காரரின் சிட்ஸும், புள்ளி தெளித்ததைக் குறிக்கும் ஒரே இந்திச் சொல்லின் கிளைகள். இன்று சீட்டிப் பாவாடை என்றால் மலிவான உடுப்பு. ஒரு காலத்தில் இதை ஒடுக்க இங்கிலாந்து இரண்டு முறை சட்டம் போட்டது.

17ஆம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையான சோழமண்டலக் கரை இதற்குப் பேர்போனது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் கோட்டைக் கசியவிடாது. துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்த நீரைத் தொட்டு எழுதினால், கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கோடு கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவிச் சாயவேரோடு கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். நீலத்துக்கு முறை தலைகீழ்: நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்கவேண்டும். பச்சைக்கு நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டுவார்கள். அந்த மஞ்சள்தான் முதலில் வெளுக்கும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டிகளில் இலைகள் நீலமாக இருப்பது இதனால்தான்.

ஐரோப்பாவில் அதுவரை பூ வேலைப்பாடு என்றால் பெரும்பாலும் பட்டிலும் பூத்தையலிலும்தான். அவற்றைத் தண்ணீரில் போட அஞ்சவேண்டும். சீட்டியைத் துவைக்கலாம். அதனால் அது படுக்கைவிரிப்பு, திரை, குழந்தைச் சட்டை என்று வீட்டுக்குள் பரவியது. ஆங்கிலேயரான சாமுவேல் பீப்ஸ் 1663இல் மனைவியின் படிப்பறைச் சுவரை மூடச் சீட்டி வாங்கியதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சீட்டியின் பூக்களோ எந்தத் தோட்டத்துப் பூவும் அல்ல. சிவப்புத் தரை வேண்டாம், வெள்ளைத் தரையில் பூங்கிளை வேண்டும் என்று லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1643இலேயே எழுதியது. ஒரே மரத்தில் பத்து வகைப் பூ மலரும் படுக்கைவிரிப்புகள் இப்படி வாங்குவோர் ரசனையும் எழுதுவோர் கைப்பழக்கமும் கலந்து பிறந்தவை.

இதனால் ஐரோப்பாவின் உள்ளூர் நெசவாளர்களின் பிழைப்பு ஆட்டங்கண்டது. பிரான்ஸ் 1686இல் தடைவிதித்தது. இங்கிலாந்து 1701இல் இறக்குமதியையும், 1721இல் உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்தது. அதற்கு முன்பே 1719இல் லண்டன் தெருக்களில் நெசவாளர்கள் சீட்டி உடுத்திய பெண்களின் உடையைக் கிழித்தார்கள். தடையை மீறி வாங்கியவர்கள் எப்போதும் இருந்தார்கள். பிரான்சில் 1759இலும் இங்கிலாந்தில் 1774இலும் தடை விலகியது.

அதற்குள் தொழில் ரகசியமும் கப்பலேறிவிட்டது. கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தாம் மதம் மாற்றிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறையை 1742இல் ஊருக்குக் கடிதமாக எழுதினார். 1760இல் பிரான்சின் ழூயியில் ஓபர்காம்ப் என்பவர் துணி அச்சடிக்கும் பட்டறை தொடங்கினார். 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றபின், கையால் பல நாள் எழுதியதை எந்திரம் கஜக்கணக்கில் உருட்டித் தள்ளியது. 19ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் சீட்டி இந்தியச் சந்தைக்கே வந்து இறங்கியது.

தமிழ் வீடுகளில் சீட்டி என்ற பெயர் நிலைத்தது இந்த மலிவுத் துணியால்தான்: சிறுமியின் பாவாடை, தலையணை உறை, சன்னல் திரை. நைட்டியில் பூக்கும் பெரிய பூக்களும் இதே வம்சம். பாவாடை கிழிந்தால் உறையாகும், உறை நைந்தால் அடுப்படிக் கரித்துணியாகும். அதற்குள் பூ வெளுத்திருக்கும்.