ஹக்கும் பலூனும், மார்க் ட்வைனோட கடனும்

மார்க் ட்வைனைத் திட்டுவேன்னு நான் கனவுலகூட நினைச்சதில்லைங்க. 'ஹக்கிள்பெரி ஃபின்' எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே கிடையாது. அதே ஹக் கதை சொல்ற 'டாம் சாயர் அப்ராட்' (1894) இருக்குன்னு தெரிஞ்சதும் ஓடிப்போய் வாங்கினேன். ஒரே ராத்திரியில முடிச்சுட்டு, 'இதுக்கா இவ்வளவு?'ன்னு உட்கார்ந்திருந்தேன்.

டாம், ஹக், ஜிம் மூணு பேரும் ஒரு கிறுக்கு விஞ்ஞானியோட பலூன்ல மாட்டிக்கிறாங்க. அந்த ஆள் அட்லாண்டிக்ல விழுந்துட, இவங்க சஹாரா, எகிப்துன்னு பறக்கிறாங்க. (ஜூல்ஸ் வெர்னோட 1863 பலூன் நாவலைப் படிச்சவங்களுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.) சினாய் மலைக்குப் போனதும் டாமோட புகைக்குழாய் உடையுது. வேற ஒண்ணு எடுத்துவர ஊருக்குப் போன ஜிம், பாலி அத்தைகிட்ட மாட்டிக்கிறான். 'உடனே வீடு வந்து சேர்'னு உத்தரவு. அவ்வளவுதான், முடிஞ்சது!

ஏன் இப்படி? காரணம் பணம். அச்சு எழுத்து கோக்கிற பெய்ஜ் இயந்திரத்துல ட்வைன் கொட்டின பணம் ஏறக்குறைய 3 லட்சம் டாலர். சொந்தப் பதிப்பகமும் தள்ளாடிச்சு. செலவைக் குறைக்க 1891-ல் குடும்பத்தோட ஐரோப்பாவுக்கே போயிட்டார். இந்த நாவலை 1892-ல் ஜெர்மனியில சில வாரத்துல எழுதினார். 'செயின்ட் நிக்கோலஸ்' சிறுவர் பத்திரிகையில தொடரா வந்தது, அதுவும் அவங்க கத்தரி போட்ட பிறகு. 1894 ஏப்ரல்ல பதிப்பகம் திவால். (அப்புறம் கடனை அடைக்கக் கிளம்பின உலகப் பயணத்துலதான் 1896-ல் கொழும்பு, பம்பாய், கல்கத்தான்னு நம்ம பக்கம் வந்தார். 1898-க்குள்ள பைசா பாக்கியில்லாம அடைச்சும் முடிச்சார். மனுஷன்!)

சரி, அவசரத்தை மன்னிச்சுடலாம். ஜிம் விஷயத்தை மட்டும் முடியலை. எந்த ஜிம்முக்காக ஹக் நரகத்துக்கே போகத் துணிஞ்சானோ, அந்த ஜிம்மை இங்கே ஸ்பிங்க்ஸ் தலைமேல கொடியோட நிறுத்திட்டு, தூரத்துல இருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு ரசிக்க டாமும் ஹக்கும் பறந்து போறாங்க. கீழே ஆளுங்க ஏணி, துப்பாக்கியோட வந்து ஜிம்மைச் சூழ்ந்துக்கிறாங்க. இதுக்கும் கடன்தான் காரணமா? கோபத்தோட 'ஹக்கிள்பெரி ஃபின்' கடைசி அத்தியாயங்களைத் திரும்ப எடுத்தேன். டாம் வந்து சேர்ந்ததுமே அங்கேயும் ஜிம் விளையாட்டுப் பொம்மைதான். ஏற்கெனவே விடுதலையான மனுஷனை, தெரிஞ்சே அடைச்சு வெச்சுத் தப்பிக்கவைக்கிறான் டாம். அது வந்தது 1885-ல், திவாலுக்கு 9 வருஷம் முன்னால. சின்ன வயசுல அதைப் படிச்சு நானும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன்.

ஒண்ணு மட்டும் சொல்லியாகணும். பலூன்ல இருந்து எட்டிப் பார்க்கிற ஹக், கீழே இன்னும் இல்லினாய்ஸ்தான்னு அடிச்சுச் சொல்றான். எப்படித் தெரியும்? வரைபடத்துல இல்லினாய்ஸ் பச்சை, இண்டியானா இளஞ்சிவப்பு. கீழே தெரியறது பச்சைதானே! அந்தப் பக்கத்தை மட்டும் மடிச்சு வெச்சிருக்கேன்.