703 பொட்டலமும் 73 பெட்டியும்: வல்லத்து எஸ். எஸ். பிள்ளை

கணித மேதை என்றதும் நமக்குக் கும்பகோணம் ராமானுஜன்தான் நினைவுக்கு வருவார். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை போகும் பொதிகை ரயிலில் நாம் எத்தனையோ முறை ஏறியிருப்போம். அந்த ரயில் போய்ச் சேரும் பக்கத்திலும் ஒரு மேதை பிறந்தார். அவர்தான் எஸ். எஸ். பிள்ளை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்தவர்.

அவர் தீர்த்த கணக்கை நம் பால்கோவாவை வைத்தே சொல்லலாம். ஒரு கடையில் 1, 64, 729, 4096 பொட்டலம் பிடிக்கும் பெட்டிகள் மட்டும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். இவை 1, 2, 3, 4 ஆகியவற்றின் ஆறாம் அடுக்குகள். இன்னும் பெரிய பெட்டிகளும் இதே வரிசையில் இருக்கும். எந்தப் பெட்டியும் நிறைந்தே போக வேண்டும். 703 பொட்டலத்துக்கு ஆர்டர் வருகிறது. 729 பெட்டி நிறையாது. 64 பெட்டி பத்து போட்டால் 640. மீதி 63-க்கும் ஒற்றைப் பெட்டிதான். மொத்தம் 73 பெட்டி. ஒரு பொட்டலம் கூட்டி 704 என்று கேட்டிருந்தால் 11 பெட்டியில் முடிந்திருக்கும்!

கோடி, கோடானுகோடி என்று ஆர்டர் வந்தால்? எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் 73 பெட்டிக்கு மேல் தேவைப்படாது. எண்களுக்கு முடிவே இல்லை என்பதால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது; நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தின் எட்வர்டு வாரிங் 1770-இல் எழுப்பிய கேள்வி இது. இப்படி ஒரு வரம்பு உண்டு என்று ஜெர்மனியின் ஹில்பர்ட் 1909-இல் நிறுவினார். அந்த வரம்பு எவ்வளவு என்ற வேலையில் 1930-களில் சிகாகோவில் டிக்சனும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த பிள்ளையும் தனித்தனியே இறங்கினார்கள். ஏழும் அதற்கு மேலுமான அடுக்குகளில் பெரும்பகுதி முடிந்தும் ஆறாம் அடுக்கு மட்டும் மசியவில்லை. அதை 1940-இல் முடித்துக் காட்டியவர் பிள்ளை.

பிறந்து ஒரு வருடத்தில் தாயை இழந்தவர். பள்ளியின் கடைசி வருடத்தில் தந்தையும் போய்விட்டார். பிறர் உதவியோடு நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்து முன்னேறினார். 1950-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டார். பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனமும் ஒரு வருடம் வந்து தங்க அழைத்திருந்தது. ஆகஸ்ட் 31 அன்று, மாநாடு தொடங்கிய மறுநாள், அவர் சென்ற விமானம் கெய்ரோ அருகே விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 49.

நான்காம் அடுக்குக்கு விடை கிடைக்க 1986 ஆயிற்று. அதைக் கண்ட மூவரில் ஒருவர் நம் நாட்டின் ஆர். பாலசுப்பிரமணியன்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: பெட்டிகள் 1, 16, 81 என்று இருந்தால் 79 பொட்டலத்துக்கு எத்தனை பெட்டி வேண்டும்? விடை 19. ஏன் என்று அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை குற்றாலம் போகும்போது, வல்லத்துக்காரர் ஒருவரின் கதையையும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.