வெறி இருந்தால்தான் ஜெயிக்க முடியுமா?



திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். "சார், பையன் டென்னிஸ் நல்லாத்தான் ஆடறானுங்க. ஆனா தோத்தா அழுகறதும் இல்ல, ஜெயிச்சா கத்தறதும் இல்ல. வெறி இல்லாதவன் மேல வர மாட்டான்னு கோச் சொல்றாருங்க. நிறுத்திரலாமுங்களா?" பையனுக்கு வயது 11.

அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ராமநாதன் கிருஷ்ணன் பெயரை உங்களில் பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டீர்கள். நம் தமிழ்நாட்டுக்காரர். அப்பா டி.கே. ராமநாதனும் டென்னிஸ் வீரர்; அவர்தான் குரு. 1954இல், 17 வயதில், விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார் கிருஷ்ணன். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள். இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர் பின்னாளில், 1958இல், விம்பிள்டன் சாம்பியனே ஆனார்.

கிருஷ்ணனின் ஆட்டத்தில் அடிதடி கிடையாது. சர்வீஸ் மெதுவானது. பந்தை அடிப்பார் என்பதைவிட, வேண்டிய இடத்தில் வைப்பார் என்று சொல்லலாம். எதிராளிதான் ஓட வேண்டும். அப்படி ஆடியே 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். அங்கே தோற்றது நீல் ஃபிரேசரிடமும் ராட் லேவரிடமும். இருவரும் அந்தந்த வருடச் சாம்பியன்கள்.

வெறி இருந்திருந்தால் பட்டமே வாங்கியிருப்பார் என்று சொல்வோர் உண்டு. அவரிடம் இல்லாதது வேகமான சர்வீஸ். அதுவும் வெறியும் ஒன்றல்ல. 1966 டிசம்பரில் கல்கத்தாவில் டேவிஸ் கோப்பை ஆட்டம். பிரேசிலோடு 2-2 என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் தோமாஸ் கோக்கிடம் இரண்டு செட்டை இழந்து, நான்காவது செட்டிலும் 2-5 என்று பின்தங்கி நின்றார் கிருஷ்ணன். இன்னும் ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அந்த செட்டை 7-5 என்றும், அடுத்ததை 6-2 என்றும் எடுத்தார். இந்தியா முதல்முறையாக இறுதிச்சுற்றுக்குப் போனது.

அமைதி வேறு, சோம்பல் வேறு. யாரும் எழுப்பாமல் காலையில் மட்டையை எடுக்கிறானா என்று பாருங்கள். கத்துகிறானா என்று பார்க்காதீர்கள். பள்ளி விளையாட்டு விழாக்களில் கோட்டுக்கு வெளியே நின்று அப்பா கத்த, ஓடுகிற பிள்ளை திரும்பிப் பார்த்தே பின்தங்கியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கிருஷ்ணனின் மகன் ரமேஷும் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். 1986இல் விம்பிள்டன் காலிறுதி வரை போனார். அவர் சர்வீஸும் அப்பாவைப் போல மெதுவானதுதான்.