பழவந்தாங்கல் ஸ்டேஷனில் ஒரு பிசிக்ஸ் கணக்கு

நங்கநல்லூர்க்காரர்களுக்கு ரயில் என்றால் பழவந்தாங்கல் ஸ்டேஷன்தான். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் தினமும் போய்வரும் யாரும் தலைக்கு மேலே ஓடும் அந்தக் கம்பியை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் பிளஸ் டூ மின்னியலில் பலரும் கோட்டைவிடும் ஒரு கணக்குக்கான விடை அந்தக் கம்பியின் வரலாற்றில்தான் இருக்கிறது.

மெட்ராஸுக்கு மின்சார வண்டி புதிதல்ல. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-ல் ஓடியது இந்த ஊரில்தான். முதல் மின்சார ரயில் என்ற பெருமை மட்டும் பம்பாய்க்குப் போனது (1925 பிப்ரவரி 3, விக்டோரியா டெர்மினஸ் – குர்லா). மெட்ராஸில் பீச் – தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் தென்னிந்திய ரயில்வே 1931 மே 11-ல் மின்சார ரயில் விட்டது. மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தது 1831-ல். சரியாக நூறு வருஷம்!

பம்பாயைப் போலவே இங்கும் கம்பியில் இருந்தது 1500 வோல்ட் நேர்திசை மின்சாரம், அதாவது டிசி. இப்போது இருப்பது 25,000 வோல்ட் ஏசி. ஏன் மாற்றினார்கள்? இதையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு: ஒரு ரயிலுக்கு 6,00,000 வாட் திறன் தேவை. துணை மின்நிலையத்திலிருந்து ரயில் வரையுள்ள கம்பியின் மின்தடை 0.5 ஓம். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் எவ்வளவு? (எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.)

பெரும்பாலானவர்கள் உடனே செய்வது இதுதான்: மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுப்பது. 1500 × 1500 ÷ 0.5 = 45,00,000 வாட். ரயிலுக்குத் தேவையானதைப் போல ஏழரை மடங்கு கம்பியிலேயே போய்விடுமாம்! இதே வழியில் 25,000 வோல்ட்டைப் போட்டால் இழப்பு இன்னும் பயங்கரமாக வரும். அப்படியானால் ரயில்வே இன்ஜினியர்கள் எல்லோரும் தப்பு செய்துவிட்டார்களா?

சூத்திரம் சரிதான். அதில் போட்ட வோல்ட்தான் தப்பு. 1500 வோல்ட் என்பது மேல் கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான வேறுபாடு. கம்பியின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையிலானது அல்ல. சூத்திரத்தில் போட வேண்டியது இந்த இரண்டாவது அளவை.

சரியான வழி, முதலில் மின்னோட்டத்தைக் கண்டுபிடிப்பது. 6,00,000 வாட்டை 1500-ஆல் வகுத்தால் 400 ஆம்பியர். கம்பியில் விழும் மின்னழுத்தம் 400 × 0.5 = 200 வோல்ட். வீணாகும் திறன் 400 × 400 × 0.5 = 80,000 வாட்.

இப்போது 25,000 வோல்ட். (திறன் காரணி 1 என்று வைத்துக்கொள்ளலாம்.) மின்னோட்டம் 24 ஆம்பியர்தான். கம்பியில் விழுவது 12 வோல்ட். வீணாவது 24 × 24 × 0.5 = 288 வாட். எண்பதாயிரம் எங்கே, 288 எங்கே! மின்னழுத்தம் சுமார் 17 மடங்கு கூடினால் இழப்பு சுமார் 278 மடங்கு குறைகிறது. டிசி பாதைக்குத் தடிமனான கம்பியும் அடுத்தடுத்து துணை மின்நிலையங்களும் தேவைப்பட்டதன் ரகசியம் இதுதான்.

இதை 1931-லேயே செய்திருக்கலாமே? கணக்கு அன்றைக்கும் தெரிந்ததுதான். ஆனால் கிளம்பும்போது நல்ல இழுவிசை தருவது டிசி சீரீஸ் மோட்டார். 25,000 வோல்ட்டை அதற்கு நேரடியாகக் கொடுக்க முடியாது. ரயிலுக்குள்ளேயே ஒரு மின்மாற்றி வைத்துக் குறைத்து, பிறகு ஏசியை டிசி ஆக்க வேண்டும். மின்மாற்றி வேலை செய்வது ஃபாரடேயின் விதிப்படி: காந்தப் பாயம் மாறிக்கொண்டே இருந்தால்தான் தூண்டல் நடக்கும். அதனால் மேலே வருவது ஏசியாக இருந்தாக வேண்டும். ரயிலில் வைக்கத் தகுந்த நல்ல ரெக்டிஃபையர்கள் வந்த பிறகே இது நடைமுறைக்கு வந்தது. இந்திய ரயில்வே 25,000 வோல்ட் ஏசியைத் தேர்ந்தெடுத்தது 1957-ல். தாம்பரம் பாதை 1960-களில் மாறியது.

காந்தவியலுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. 400 ஆம்பியர் ஓடும் நீண்ட கம்பியிலிருந்து 5 மீட்டர் தள்ளி காந்தப்புலம் எவ்வளவு? தண்டவாளம் வழியே திரும்பும் மின்னோட்டத்தை விட்டுவிட்டால் 16 மைக்ரோடெஸ்லா. சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. விளையாட்டல்ல! பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், கொலாபாவில் நடந்துவந்த காந்தப்புல அளவீடுகளுக்காக அலிபாகில் புது ஆய்வகம் கட்டினார்கள். அது 1904-ல் வேலையைத் தொடங்கியது.

மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் 2004-ல் விடைபெற்றன. 2016-ல் நங்கநல்லூர் ரோடு மெட்ரோ ஸ்டேஷன் திறந்தது. அங்கேயும் மேலே ஓடுவது 25,000 வோல்ட் ஏசிதான்.

அடுத்த பரீட்சையில் சூத்திரத்தில் வோல்ட்டைப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்? அதைக் கேட்டுவிட்டால் பாதி கணக்கு முடிந்த மாதிரி.